வழிவிடாமல் நெடுநேரம்

புன்ட்டா அரேனாஸில் காற்று நூறைத் தொட்ட இரவு.
துணி துவைக்கும் அறையில், சோப்புத்தூள் வாளிக்குப் பக்கத்தில்
எங்கள் சர்வர் உறுமுகிறது.
பதினோரு பேர் விளையாடும் உலகம்.
அதற்குள் அவர்கள் வைத்த நாற்பத்தொரு கணினிகள்:
கதவு திறக்க, கோதுமை அறுக்க, உலைக்குக் கரி போட.
ஒன்று பொழுதுக்கும் வேலையே இல்லாமல்
பொழுது சாய்ந்ததும் "சாப்பிட்டாயா யோவன்கா" என்று கேட்க.

இன்றைக்குத் தமாராவின் புகார்.
கதவு மூன்று நொடி யோசித்துத்தான் திறக்கிறதாம்,
அதற்குள் எலும்புக்கூடு முதுகில் அம்பு விட்டுவிடுகிறதாம்.

கட்டமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
கணினி ஒன்றுக்குப் பத்து லட்சம் பைட்.
வெளி இணையம் உண்டு. வீட்டு முகவரிகள் கூடாது.
(பாஸ்டியன் விளையாட்டுக்குள் நின்றபடியே
என் பிரிண்டரில் நாற்பது பக்கம் அடித்த மறுநாள்
நான் சேர்த்த வரி.)
அதற்குக் கீழே, இதுவரை தொடாத ஒன்று:
இழைகள் = 1

நாற்பத்தொரு கணினிக்கும் ஒரே குழாயடி.
முன்னால் நிற்பவர் குடத்தைத் தூக்கினால்தான்
பின்னால் நிற்பவருக்குத் தண்ணீர்.

யார் தூக்கவில்லை?
முப்பத்தேழாம் எண். எலிசேயோ பார்ரியாவுடையது.
ஏழு நொடி வழிவிடாமல் ஓடினால் வெட்டு விழும், அது விதி.
இது ஆறரை நொடி ஓடுகிறது,
சற்றே ஒதுங்குகிறது,
மறுபடி வரிசையில் வந்து நிற்கிறது, அதே அண்டாவோடு.
விதியைப் படித்தவன் எழுதிய நிரல்.

எலிசேயோ நண்டுப் படகேறி ஏழு வாரம்.
கால்வாய்களுக்குள் சிக்னல் கிடையாது.
கேட்க ஆளில்லை; நிறுத்தலாம் என்று போனேன்.
திரையில் எண்கள் மட்டும், அடுக்கடுக்காக.
இங்கே இருக்கலாம். இல்லை.
இங்கே இருக்கலாம். இல்லை.
ஆமை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது.
சுரங்கம் தோண்ட அவன் தெற்கே அனுப்பிய இயந்திர ஆமை.

எங்கள் உலகில் ஒரு குறை உண்டு.
ஆள் அருகில் இல்லாத நிலம் நின்றுவிடும்.
மழை அந்தரத்தில், மாடு வாய் திறந்தபடி.
ஆமையும் எங்கோ ஒரு பாறைக்குள் அப்படித்தான்.
நின்றுபோன ஒன்று
எந்த அலைவரிசையில் பதில் சொல்லும்?
இது முப்பத்தேழுக்குத் தெரியாது.
யாரும் அதில் எழுதவில்லை.

ஒன்றை இரண்டாக்கினால் போதும், குழாய் இரண்டாகும்,
தமாராவின் கதவு திறக்கும், நானும் தூங்கலாம்.
இரண்டு என்று அடித்தேன்.
அடித்துவிட்டு, கடைசியாகக் குரல் வந்த இடத்தின் எண்ணைக்
கையில் எழுதிக்கொண்டேன்.

நிர்வாகி நான், நினைத்த இடத்துக்குத் தாவலாம்.
தாவினேன். இருட்டு. பக்கவாட்டில் தோண்டினேன்.
நான்காவது கல்லுக்குப் பின்னால்
இரண்டு பச்சைக் கண்கள் எரிந்தன.
எழுந்ததும் படிக்கச் சொல்லி
அதற்குள் ஒரு வரி வைத்திருந்தான்:
விழித்தால் வீட்டுக்குப் போ.

வயிற்றில் எரிபொருள் இல்லை.
ஒரு கரிக்கு எண்பது அடி. வீடு இரண்டாயிரத்துச் சொச்சம்.
இருபத்தேழு கரி கொடுத்தேன்.

திரும்பத் தாவ முடியாது;
நான் அகன்றால் அது நின்றுவிடும்.
ஆகவே கூடவே நடந்தேன்.
அது கல்லைக் குடைய நின்றால் நானும் நின்று,
மணல் சரிந்தால் ஒதுக்கிவிட்டு,
இரண்டு இடத்தில் ஏரியைச் சுற்றி.
வெளியே யாருடைய தகரமோ தெருவில் உருண்டு போயிற்று.

குன்றேறி இறங்கிய இடத்தில் குரல் எட்டியிருக்க வேண்டும்.
முப்பத்தேழாம் திரையில் எண்கள் நின்றன.
ஒரே ஒரு வரி. பிறகு அது சும்மா இருந்தது.

தமாரா எழுதினாள்:
கதவு சரியாகிவிட்டது, என்ன மாற்றினாய்?

கோப்பு இன்னும் திறந்தே கிடந்தது, இரண்டு என்று.
சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.